ஏப்ரல் 13-இல் பிறந்தவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறாள். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகளில் வாய்க்கால் ஓரத்து வரிசை இந்த வருடம் நன்றாகப் பாளை விட்டிருக்கிறது. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, நிற்கிற பஸ்ஸிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறாய். அம்மா காலையில் அதைப் பார்த்துவிட்டு, "வேலையா இருப்பா, விடுங்க" என்கிறாள். விட்டுவிட்டேன். அந்நேரம் வரை விழித்திருக்கிறாயே, ராத்திரி சாப்பிட்டாயா என்று மட்டும் தெரிந்தால் போதும். நீ ரூம் மாறிவிட்டாய் என்று கேள்வி. புது முகவரி எனக்குத் தெரியாததால் இதை உன் அத்தை மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்படியாவது விசாரித்து உன் கையில்தான் கொடுக்க வேண்டும், வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

13-ஆம் தேதி வருகிறது. நூலகத்துக் கரும்பலகையில் 'இன்று பிறந்தவர்கள்' எழுத இப்போதும் நான்தான் போகிறேன். புதிதாக வந்த நூலகர் நல்ல பிள்ளை, சாக்பீஸை என் கையில்தான் கொடுக்கிறார். மற்ற நாட்களுக்கு என் நோட்டைப் புரட்ட வேண்டும். உன் நாளுக்குத் தேவையில்லை. சாமுவேல் பெக்கெட், 1906. யூடோரா வெல்ட்டி, 1909. நம் ஊர்ப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1930. சீமஸ் ஹீனி, 1939. லெ கிளேசியோ, 1940. எஸ். ராமகிருஷ்ணன், 1966. இந்த ஒரு தேதியில் நோபல் வாங்கியவர்களே மூன்று பேர்: பெக்கெட் 1969-இல், ஹீனி 1995-இல், லெ கிளேசியோ 2008-இல். அதே தேதியில்தான் என் மகளும் பிறந்தாள் என்று வருகிற வாசகர்களிடமெல்லாம் சொல்வேன், எனக்கு அலுத்ததே இல்லை. ஆறாவது படிக்கும்போது நீ பெஞ்சில் ஏறி நின்று, ராமகிருஷ்ணனுக்குக் கீழே உன் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டாய். நான் அழிக்கவில்லை. பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்டு தாசில்தார், "யாருங்க இந்த எழுத்தாளர், நான் படிச்சதில்லையே" என்று கேட்டார். "இனிமேதான் எழுதப்போகுது" என்றேன்.

கல்யாணசுந்தரத்தின் செங்கப்படுத்தான்காட்டுக்கு உன்னைச் சைக்கிளில் வைத்து அழைத்துப் போயிருக்கிறேன். உனக்குத் தெரியாத கதை இல்லை. இங்கிருந்து கிளம்பி, புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து, நாடகத்துக்குப் பாட்டெழுதி, 1950-களின் நடுவில்தான் சினிமாவுக்குள் நுழைந்தார். 1958-இல் 'நாடோடி மன்னன்'. அதன் பாட்டுகள் வயக்காட்டில், கடைத்தெருவில், மேடையில் எங்கும் ஒலித்தன. மறு வருடம் அக்டோபர் 8-ஆம் தேதி ஆள் இல்லை. 'திருடாதே'யும் 'அரசிளங்குமரி'யும் 1961-இல்தான் வந்தன. பாட்டு வந்தது, பெயர் வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை. சினிமாவில் அவருக்குக் கிடைத்தது முழுசாக ஐந்து வருடம்கூட இருக்காது.

அவர் எந்த வயதில் போனார் என்று உனக்குத் தெரியும். இந்த 13-ஆம் தேதி உனக்கு எத்தனை வயது நிரம்புகிறது என்று எனக்கும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்காதே. டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே. ஊரில் எல்லோரும் வேறு காரணத்துக்காக உன் வயதைக் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்கில்லை. அம்மாவுக்கு இருக்கிறது, அவளிடம் நீயே பேசிக்கொள்.

பெக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகையில் இத்தனை வருடமும் 'நாடக ஆசிரியர், அயர்லாந்து' என்று எழுதிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். போன மாதம்தான் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் படித்தேன். டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. நல்ல வேலை. அதை விட்டுவிட்டு வந்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். 1933-இல் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். 1936 மார்ச்சில் இவர் சோவியத் சினிமா இயக்குநர் ஐசன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஆமாம், நீ இங்கே உன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாயே, படிக்கட்டில் குழந்தை வண்டி உருளும் படம், அதே ஐசன்ஸ்டைன். மாஸ்கோ திரைப்படக் கல்லூரியில் என்னை மாணவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அப்போது பெக்கெட்டுக்கு வயது 29. பதில் வரவில்லை.

அதோடு போகவில்லை. அவருடைய நாவலை ஏறத்தாழ 40 பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள், அது 1938-இல்தான் அச்சேறியது. அந்த வருடமே பாரிஸ் தெருவில் ஒருவன் கத்தியால் குத்தி, மயிரிழையில் இதயம் தப்பியது. பிறகு போர். நாஜிகளுக்கு எதிரான ரகசியக் குழுவில் வேலை செய்து, குழு பிடிபட்டதும் தெற்கே ஒரு கிராமத்துக்குத் தப்பிப் போய் ஒளிந்திருந்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் மேடையேறியது 1953 ஜனவரியில். வயது 46. சினிமா ஆசையும் அவரை விட்டுப் போகவில்லை. 1964-இல் தான் எழுதிய குறும்படம் ஒன்றுக்காக நியூயார்க் போய், மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டனை வைத்து எடுக்கும்போது கூடவே நின்றிருக்கிறார். மாஸ்கோவுக்குக் கடிதம் போட்டு 28 வருடம் கழித்து. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "அந்தப் புள்ள அவங்க அம்மாகிட்டப் பேசிச்சா" என்று கேட்டாள். பெக்கெட் எங்கே இருந்தாலும் அம்மாவைப் பார்க்க டப்ளினுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார் என்றேன். அது உண்மைதான், உனக்காகச் சேர்த்துச் சொல்லவில்லை.

குரூப் டூ எழுதச் சொன்னேன் என்பதை நீ இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். வெல்ட்டியின் அப்பாவும் இதைத்தான் செய்தார். மிசிசிப்பியில் காப்பீட்டு கம்பெனியில் இருந்தவர். எழுது, ஆனால் கையில் ஒரு தொழிலும் இருக்கட்டும் என்றார். அந்தப் பெண்ணும் நியூயார்க் போய் கொலம்பியாவில் விளம்பரத் தொழில் படித்தது. 1931-இல் அப்பா இறந்தார். அரசாங்க வேலைத் திட்டம் ஒன்றில் சேர்ந்து மிசிசிப்பி முழுக்கச் சுற்றி, கறுப்பின மக்களையும் ஏழைகளையும் படம் எடுத்தது, எழுதியது. சம்பளம் வந்த வேலைதான் அந்தப் பெண்ணுக்கு ஊரைக் காட்டியது. சாகும்வரை அப்பா கட்டிய வீட்டிலேயே இருந்தது, அங்கிருந்தே புலிட்சர் வாங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் அறை அப்படியே இருக்கிறது. புத்தகங்களைக் கரையான் படாமல் வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஹீனி ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர், மாட்டுத் தரகு செய்த விவசாயி மகன். நோபல் அறிவித்தபோது கிரீஸில் எங்கேயோ சுற்றுலாவில் இருந்தாராம். பெற்ற பிள்ளைகளுக்கே அவரை உடனே பிடிக்க முடியவில்லை. அது சந்தோஷமான செய்தி, காத்திருந்து சொல்லலாம். லெ கிளேசியோவுக்கு எட்டு வயது ஆகும்வரை அப்பா முகம் தெரியாது. அப்பா ஆப்பிரிக்காவில் டாக்டர், நடுவில் போர். பிள்ளை பிற்காலத்தில் அந்த அப்பாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இதற்கு மேல் இதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

படத்தைப் பார்த்தேன் பாப்பா.

இங்கே தியேட்டரில் வந்த இரண்டாம் நாளே, பேங்க்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். நீ ஒரு வருடம் ராத்திரி பகலாக டிஸ்கஷனில் உட்கார்ந்த படம், தெரியாதா எனக்கு. இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

2018 நவம்பர் 16, விடிந்தும் விடியாமலும் தோப்புக்குள் போனது மூன்று பேர். அப்பாயி, நீ, நான். கால் வைக்க இடமில்லாமல் மட்டையும் மரமும் கிடந்தன. அப்பாயி ஒவ்வொரு மரமாகத் தொட்டு, அது யார் பிறந்தபோது வைத்ததோ அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனது. பெரியவன். செல்வி. அவளோட தம்பி. செத்துப்போன என் அண்ணன். உன் மரம் மட்டும் விழவில்லை, கொண்டை முறிந்து மொட்டையாக நின்றது. அதன் பெயரை அப்பாயி சொல்லவில்லை. முந்தானையால் அடிமரத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனது. படத்தில் ஒரு கிழவர் துண்டால் துடைக்கிறார். வேறு ஊர், வேறு புயல். ஆனால் அந்த ஒரு மரத்துக்கு அவரும் பெயர் சொல்லவில்லை.

என் பின் சீட்டில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். திரும்பி, "இது என் மகள் எழுதினது" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கடைசியில் ஓடுகிற பெயர்களை நின்று படித்தேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா, "முடிஞ்சிருச்சுங்கய்யா" என்று சொல்லும்வரை நின்றேன். கதை, திரைக்கதை, வசனம் எதிலும் இல்லை. உதவி இயக்குநர்கள் வரிசையிலும் இல்லை. சமையல்காரர்கள் பெயர்கூட இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை நீ? பத்து வயதில் பலகையில் உன் பெயரை எழுதிய பிள்ளை, பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டாமா? எனக்குச் சினிமா தெரியாது என்று நினைத்தாயா? கஜா வருவதற்கு முந்தின மாதம்தான், அக்டோபரில், தீபாவளிப் படம் ஒன்றின் கதைச் சண்டை நீதிமன்றம் வரை போனது. பெரிய நடிகர், பெரிய இயக்குநர். ஓர் உதவி இயக்குநர் எழுத்தாளர் சங்கத்தில் தன் கதையைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதை வைத்துத்தான் பேச முடிந்தது, கடைசியில் அவர் பெயரைப் போடச் சம்மதித்தார்கள். அப்போதே உன்னிடம் சொன்னேன், எழுதியதைப் பதிவு செய் என்று. போன தீபாவளிக்கும் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். வழக்குப் போடு என்று சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நாளைக்கும் நீ வேலை கேட்டுப் போக வேண்டியிருக்கும், அதை நீதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் அடுத்ததை யாரிடமும் சொல்வதற்கு முன்னால் பதிவு செய்.

ராமகிருஷ்ணனைப் பார். 'சண்டக்கோழி'க்கு வசனம் எழுதினார், பெயர் வந்தது. நாதஸ்வரக்காரர்களைப் பற்றிய நாவலுக்கு 2018-இல் சாகித்ய அகாதமி வாங்கினார். சினிமாவில் எது நடந்தாலும் எழுத்து அவர் கையில் இருந்தது. உனக்கும் இருக்கிறது. அந்தக் காட்சியை எழுதியவள் அடுத்ததை எழுத மாட்டாளா? மாட்டேன் என்று தோன்றினால் அதையும் என்னிடம் சொல்லலாம். வீட்டுக்கு வந்து பத்து நாள் சும்மா படுத்துக் கிடக்கலாம். யாரும் எதுவும் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நீல அட்டை நோட்டு இங்கே பீரோவில் இருக்கிறது. அதில் 2018 டிசம்பர் தேதி போட்டு, தோப்பில் நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறாய். முந்தானை, சேறு, எல்லாம். ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அசலைப் பையனிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டு வருகிறேன். 11-ஆம் தேதி ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று, 12 காலை கிளாம்பாக்கத்தில் இறங்கி உன் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா முறுக்கு சுடுகிறாள். பலகையில் எழுதுகிற வேலையை இந்த 13-ஆம் தேதிக்கு மட்டும் நூலகரிடமே விட்டிருக்கிறேன், பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் பெயரையும் சேர்த்து.

வர வேண்டாம் என்று சொல்வதற்காகவாவது போன் செய். அப்படிச் சொன்னாலும் வருவேன். சாப்பிட்டுவிட்டுப் பேசு.

அன்புடன்,
அப்பா