நிரையும் தராசும்

கொட்டகலை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு அப்பாவும் நானும் வெகுநேரம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. "எனக்கு அந்த இசைக்குழுவின் பயிற்சி வருட இடம் வேண்டாம் அம்மா. நிறத்தைப் பார்த்துக் கொடுத்தது என்று காலமெல்லாம் சொல்வார்கள்" என்றாய். குரல் கம்மியிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. தொலைபேசி என்றாலே மழையையும் சாப்பாட்டையும் விசாரித்து முடித்துவிடுகிறேன். இது அப்படி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இந்த ஐந்து நாளில் படித்து முடித்தேன். இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் திரையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. 1952இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு, வாசிப்பவர் யார் என்று தேர்வாளர்களுக்குத் தெரியக்கூடாது என்று நடுவில் திரை கட்டியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்காவின் மற்றப் பெரிய குழுக்களும் அதை ஏற்றுக்கொண்டன. குதிகால் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடுவார்களே என்று சில இடங்களில் மேடையில் கம்பளமும் விரித்தார்களாம். அதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். ஒருவரின் நடைச் சத்தம்கூடத் தங்கள் தீர்ப்பைக் கெடுக்கும் என்று தெரிந்து, தாங்களே தங்களுக்குக் காவல் போட்டுக்கொண்ட மனிதர்கள். நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அப்படி ஒரு கம்பளம் இருந்திருந்தால் எத்தனை பேரின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மியூனிக் இசைக்குழு ஒன்றில் 1980இல் நடந்ததையும் படித்தேன். டிரோம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் முதல் இடத்துக்கு 33 பேரை அழைத்தார்கள். அபி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு அழைப்புக் கடிதம் 'திரு' என்று போய்விட்டது. போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் குழுவுக்குத் தெரிந்த ஒருவரின் மகன் என்பதால் அன்றைக்கு மட்டும் திரை போட்டிருந்தார்கள். பதினாறாவதாக வாசித்தவரைக் கேட்டவுடன், இனி யாரையும் கேட்க வேண்டாம் என்று மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். அடுத்த வருடமே இசைக்குழுவை நடத்தும் செலிபிடாக்கே அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார். அந்த இடத்துக்கு ஆண் வேண்டுமாம். மூச்சுப் பலம் இருக்கிறது என்று நிரூபிக்க அந்தப் பெண் மருத்துவப் பரிசோதனைக்கெல்லாம் போனார். வழக்கு 1993 வரை இழுத்தது. கடைசியில் வென்றார்.

அதைப் படித்தபோது உன்னை நினைத்தேன். நீ இப்போது இருக்கும் ஊரில் திரைக்குப் பின்னால் ஒருமுறை வாசித்து முடிவதில்லை, பல மாதம் குழுவோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அங்கே முகம் தெரியும், பெயர் தெரியும், தேநீர் இடைவேளையில் யாரோடு சிரித்துப் பேசுகிறாய் என்பதும் தெரியும். சென்ற வருடம் ஓர் இடத்தில் ஐந்து மாதம் அப்படி வாசித்த பிறகு, "வாசிப்பு நன்றாக இருக்கிறது, எங்களோடு பொருந்தவில்லை" என்று சொல்லி அனுப்பினார்களே, அதை நீ எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாய். பொருந்தவில்லை என்ற சொல்லை நானும் கேட்டிருக்கிறேன்.

நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் மேல் 1969இல் இரண்டு கறுப்பின இசைக்கலைஞர்கள் மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார்கள். நிரந்தர நியமனத்தில் பாகுபாடு இல்லை என்றுதான் ஆணையம் சொன்னது. ஆனால் அவ்வப்போது வாசிக்கக் கூப்பிடும் மாற்றுக் கலைஞர்கள் விஷயத்தில், தெரிந்தவன் தெரிந்தவனைக் கூப்பிடும் பழக்கம் பாகுபாடுதான் என்று எழுதியது. கதவு எங்கே பூட்டியிருந்தது என்று அந்த ஒரு வரியில் எனக்குப் புரிந்துவிட்டது.

இனி உன்னைக் குழப்பும் இடத்துக்கு வருகிறேன். திரையால் பெண்களின் வாய்ப்பு கூடியது என்று கோல்டின், ரவுஸ் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2000இல் எழுதிய ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியானதல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, இன்று அமெரிக்கக் குழுக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். ஆனால் 2014ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பினத்தவர் 1.8 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 2.5 சதவீதம். இத்தனை வருடம் திரை இருந்தும் இவ்வளவுதான் என்றால் திரையை எடுத்துவிட வேண்டும், குழு எந்தச் சமூகத்துக்காக வாசிக்கிறதோ அதைப் போல இருக்க ஆளைப் பார்த்தே எடுக்க வேண்டும் என்று நியூயோர்க் டைம்ஸின் இசை விமர்சகர் டொமாசினி 2020இல் எழுதினார். எடுக்கவே கூடாது, கலையில் காது மட்டும் போதும் என்று மற்றவர்கள். நீ இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று தூக்கம் கெட்டுப் போயிருக்கிறாய்.

மகளே, தேயிலைக் கொழுந்து பறிக்க உன்னை நான் மலைக்கு விட்டதே இல்லை. அதனால் நிரை என்றால் என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்த பிறகு கங்காணி ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு தேயிலைச் செடி வரிசை, பிரித்துக் கொடுப்பார். ஒருத்திக்குக் கொழுந்து தளதளவென்று நிற்கும் நிரை கிடைக்கும். இன்னொருத்திக்குக் கவ்வாத்து வெட்டி இன்னும் தளிர்க்காத செடி, அல்லது கால் வைத்தால் சறுக்கும் பள்ளம், அல்லது அட்டை மொய்க்கிற ஓடைக்கரை. மாலையில் எல்லாக் கூடைக்கும் ஒரே தராசு. சொன்ன கிலோ இல்லை என்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உன் அம்மாயி பதினான்கு வயதில் கூடை போட்டவர். தராசில் பொய் இருந்தது என்று அவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை, சாக்குக்குக் கழிக்கும் கிலோவைத் தவிர. அவருடைய ஆத்திரமெல்லாம் நிரை பிரித்த கையின் மேல்தான் இருந்தது.

திரை நல்ல தராசு. அதை உடைக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை. தராசை உடைத்தால் மறுபடியும் கங்காணியின் கண்ணளவுக்குத்தான் போவோம், அந்தக் கண் யாரை விரும்பும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். ஆனால் நீ எந்த நிரையில் நின்றாய் என்று எனக்குத் தெரியுமே. உன்னோடு போட்டிக்கு வந்த பிள்ளைகள் நான்கு வயதில் வயலின் எடுத்தவர்கள். நீ பதினொரு வயதில், தேவாலயத்துச் சிஸ்டர் கொடுத்த முக்கால் அளவு வயலினில், 'இ' தந்தி இல்லாமல் நான்கு மாதம் மூன்று தந்தியிலேயே பழகினாய். பிறகு சனிக்கிழமை தோறும் விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்கு. மண்சரிவில் பாதை அடைபட்ட வாரங்களில் பாடம் இல்லை. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை நீ முதன்முதலாகத் தொட்டது கொழும்பில், பதினேழு வயதில். அதுவரை அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா தன் சேமலாப நிதியை எடுத்ததை நீ அறிவாய். என் காப்பு இரண்டும் போனது உனக்குத் தெரியாது. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன், கணக்குக் காட்டுவதற்காக இல்லை. அந்தக் குழுவின் பயிற்சி வருடம் உனக்குக் கொடுப்பது இந்த நிரையின் குறையைத்தான் என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக.

நீ வாசித்துக் காட்டிய விதிகளை நான் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு வருடம் உதவித்தொகை, குழுவின் வயோலாக் கலைஞர்களிடம் பாடம், சில கச்சேரிகளில் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்க இடம், ஒத்திகைத் தேர்வுகள். முடிந்ததும் வேலை என்று ஒரு வாக்கும் இல்லை. பிறகு எல்லோரையும் போலப் போய் வாசிக்க வேண்டும். தராசில் யாரும் கை வைக்கவில்லையே.

கை வைத்த இடங்களும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். 1989இல் டெட்ராய்ட் இசைக்குழுவில் கறுப்பினத்தவர் போதவில்லை என்று மாநில அரசியல்வாதிகள் பதின்மூன்று லட்சம் டாலர் நிதியை நிறுத்துவோம் என்றார்கள். குழு பயந்து, தேர்வு வைக்காமலே ரிச்சர்ட் ரொபின்சன் என்ற டபுள் பாஸ் வாத்தியக் கலைஞரை எடுத்தது. மற்றவர்களைப் போலத் தேர்வில் வாசித்து வந்திருப்பதையே விரும்பியிருப்பேன் என்று அவரே சொன்னார். நல்ல கலைஞர் அவர், அதற்கு முன்பே மாற்றுக் கலைஞராக அங்கே வாசித்தவர். அவருடைய வெற்றியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இங்கிலாந்தில் 2021இல் ஊர் ஊராகப் போய் ஓபரா என்ற இசை நாடகம் நடத்தும் ஒரு குழு, பன்முகத்தன்மை வேண்டும் என்று காரணம் காட்டி, பல வருடம் வாசித்த 14 பேரை இனிக் கூப்பிடமாட்டோம் என்று கடிதம் அனுப்பியது. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு கூடையிலிருந்து அள்ளி இன்னொரு கூடையில் போடுவதை நான் நியாயம் என்று உனக்குச் சொல்லித்தர மாட்டேன்.

இனி என் கதை. இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் இல்லாமல், சாதாரண தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்தே ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் இரண்டு நேர்முகப் பரீட்சைகளுக்குப் போயிருந்தேன். ஒன்றில் முகவரியில் இருந்த தோட்டத்தின் பெயரையும், தொழிலாளர் வரிசை வீட்டைக் குறிக்கும் 'லயம்' என்ற சொல்லையும் வாசித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழையும் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகிப் போனபோது ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: 'தோட்ட நியமனம்'. உயர்தரம் படிக்காமல் வந்தவள் என்று என் காதுபடவே சொன்னார்கள். அது உண்மைதான், உயர்தரம் படிக்க எங்கள் தோட்டத்திலிருந்து எட்டும் தூரத்தில் பாடசாலை இருக்கவில்லை. ஒரு வருடம் அந்த அறைக்குள் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாயியிடம் சொன்னேன். அவர் கொழுந்துக் கறை படிந்த விரலால் என் நியமனக் கடிதத்தைத் தொட்டு, "இதைத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

விடவில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றேன். உயர்தரத்தை முப்பத்தொரு வயதில், நீ வயிற்றில் இருக்கும்போது எழுதினேன். அதில் யாரும் எனக்குப் புள்ளி போட்டுக் கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் சிலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள், ஒருத்தி மருத்துவர். நுவரெலியாவைப் பின்தங்கிய மாவட்டம் என்று கணக்கெடுத்து, பல்கலைக்கழக அனுமதியில் தனியாக ஒதுக்கிய இடம் அவளுக்கும் கிடைத்தது. அவள் கையால் பிரசவம் பார்த்த எந்தத் தாயும் அவளுடைய வெட்டுப்புள்ளி என்ன என்று கேட்டதாக நான் அறியவில்லை. ஆனால் அந்த மாவட்ட ஒதுக்கீட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அது மாவட்டத்தைப் பார்க்கிறது, லயத்தைப் பார்ப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் முதலில் உள்ளே போகிறார்கள். உன் குழுவின் திட்டத்திலும் தோலின் நிறத்தை மட்டும் பார்த்து, பணக்கார வீட்டு நம்மவர்களையே எடுப்பார்களானால், உள்ளே போன பிறகு நீ அதைச் சொல். வெளியே நின்று சொன்னால் கேட்கமாட்டார்கள்.

உன் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள், ஓய்வு பெற்ற நாள் கூட்டத்தில்கூட ஒருவர் சொன்னார். வலிக்கும். இரவில் எழுந்து உட்காருவாய். அப்படி உட்காரும் இரவுகளில் வயோலாவை எடுக்க முடியாது, பக்கத்து வீட்டார் தூங்குவார்கள். அப்போது எனக்கு அழை. இங்கே நான்கரை மணி நேரம் முன்னால், நான் எழுந்து அடுப்பு மூட்டியிருப்பேன்.

விண்ணப்பத்தை இம்மாதம் இருபதாம் திகதிக்கு முன் அனுப்ப வேண்டும் என்றாய். அனுப்பு. எங்கே பிறந்தாய் என்று கேட்கும் இடத்தில் ஊரின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் எழுது.

இன்னொன்று. சிஸ்டர் கொடுத்த அந்த முக்கால் வயலின் இப்போது தோட்டத்தின் மேல் பிரிவு லயத்தில் இருக்கிற ஒரு பிள்ளையிடம் இருக்கிறது. பத்து வயது. ஞாயிறு மாலையில் நம் முற்றத்தில் வந்து வாசிக்கிறாள், நீ விட்டுப்போன புத்தகத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். மறுபடியும் அந்த 'இ' தந்தி அறுந்துவிட்டது. கொழும்பில் சொல்லி வைத்து ஒரு மாதம் ஆகிறது. நீ அங்கிருந்து இரண்டு செட் தபாலில் அனுப்பிவிடு, முக்கால் அளவு என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா