பாரிசிலிருந்து பண்டிவிரிச்சானுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகமாய் இருக்க மடுமாதாவை மன்றாடுகிறேன். "அங்கே ஒருத்தரும் கோயிலுக்குப் போவதில்லையாமே, நீ யாருக்காவது ஆண்டவரைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று போனில் கேட்டீர்கள். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றதால் கடிதமாகவே எழுதுகிறேன். கடைசிப் பகுதியைப் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் வாசியுங்கள்.

பிரான்சில் 1905இலேயே சட்டம் போட்டு அரசையும் மதத்தையும் பிரித்துவிட்டார்கள். ஓரிரு பகுதிகளைத் தவிர அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சமயபாடம் கிடையாது. 2004இலிருந்து அங்கே பிள்ளைகள் கண்ணில் படும்படி பெரிய சிலுவை போடவும் முடியாது. முஸ்லிம் பிள்ளைகளின் முக்காட்டுக்கும் அதே சட்டம்தான். குடிசன மதிப்பீட்டில்கூட நீ என்ன சமயம் என்று கேட்பதில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அந்தச் சட்டத்துக்கு முன் கட்டிய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் நகரசபையின் சொத்து, பேராலயங்கள் அரசின் சொத்து. கூரை ஒழுகினால் திருத்த வேண்டியது சமயம் இல்லாத அரசு! 2019இல் எரிந்த நோத்ர்தாம் பேராலயமும் அரசின் கட்டடம்தான். 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள்.

பெரிய வெள்ளி இந்த ஊரில் வேலைநாள். நம்மூரில் நாடே மூடிக் கிடக்கும் நாளில் நான் ரெஸ்ரோறண்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பேன். மதியச் சமையல் முடிந்து இரவு வேலை தொடங்குவதற்கு இடையில் கொஞ்ச நேரம் கிடைக்கும். பின்னேரம் மூன்று மணிக்குக் கோயில்களில் சிலுவைப்பாதை நடக்கும் என்பதால் அதற்கு ஓடிவிடலாம். ஆனால் மடுத் திருவிழா நாளான ஓகஸ்ட் 15 பிரான்ஸ் முழுவதும் விடுமுறை. இலங்கையிலேயே அதற்கு லீவு இல்லை! ஏன் லீவு என்று கேட்டால் இங்கே பலருக்குத் தெரியாது. கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

ஆட்கள் நம்மை எதிர்ப்பதில்லை, அக்கா. அதைத்தான் ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். சமயம் என்பது வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய சொந்த விஷயம், வேலையிடத்தில் அதைக் கதைப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் மெற்றோ வாசலில் நம் ஆட்கள் சிலர் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். குளிரிலும் நிற்கிறார்களே என்று அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அப்படிக் கொடுத்து இந்த ஊர்ச் சனத்தின் மனத்தைத் தொட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாங்கியவர் அடுத்த குப்பைத்தொட்டியில் போடுகிறார்.

கோயில்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்பதும் முழு உண்மை இல்லை. என் பங்கில் ஞாயிறு பூசைக்கு வருபவர்களில் ஆபிரிக்கர், போர்த்துக்கீசர், நம்மவர் என்று பாதிப்பேர் வெளியே இருந்து வந்தவர்கள். சுவாமியும் ஆபிரிக்கர். முந்தி இது மறுபக்கமாய் நடந்தது: 1847இல் பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைச் சுவாமிமார் கப்பலேறி இலங்கைக்கு வந்தார்கள். 1872இல் மடுக்கோயிலைக் கட்டத் தொடங்கிய பொன்ஜீன் ஆண்டகையும் பிரெஞ்சுக்காரர்தான். இதை என் பங்கிலுள்ள ஒரு கிழவியிடம் சொன்னேன். மடுவைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெரிய சந்தோசம் அவருக்கு. இன்னொன்று: 2025 உயிர்ப்புப் பெருவிழாவில் இந்த நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வளர்ந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். நிறையப்பேர் இளம் ஆட்கள். வீட்டில் ஒரு செபமும் கேட்காமல் வளர்ந்தவர்கள்கூடத் தாங்களாகவே தேடி வருகிறார்கள். நாம் பிறந்தவுடன் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டார்கள், நமக்குத் தேடும் வேலை இருக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னோடு அடுப்படியில் நிற்கும் பிரெஞ்சுப் பெடியன் ஒருநாள், "அவ்வளவையும் பார்த்த பிறகும் நீ கடவுளை நம்புகிறாயா?" என்று கேட்டான். நக்கலாக இல்லை, உண்மையாகத்தான் கேட்டான். வன்னியில் 2009இல் கடைசிச் சண்டையில் என்ன நடந்தது என்று அதற்கு முன் அவனுக்குக் கொஞ்சம் சொல்லியிருந்தேன். மறைக்கல்விப் புத்தகத்தில் இதற்கு ஒரு விடை இருக்கும். அது என் வாயில் வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஏன் அப்படி நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை என்றேன். அப்புறம் மாத்தளனில் பங்கருக்குள் அம்மா செபமாலை தொடங்கினால் பக்கத்துப் பங்கரில் இருந்த சைவக் குடும்பம் மறுபாதியைச் சொன்னதைச் சொன்னேன். தப்பிப் போக வழியிருந்தும் போகாமல் சனத்தோடு நின்ற சுவாமிமாரைப் பற்றிச் சொன்னேன். நான் நம்புவது இவ்வளவையும் கண்ணால் கண்டதால்தான் என்றேன். என் பிரெஞ்சில் இதையெல்லாம் சொல்லி முடிக்கச் சூப் அடிப்பிடித்துவிட்டது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சில கிழமை கழித்து அவனுடைய அம்மம்மா ஆஸ்பத்திரியில் என்று ஐந்து யூரோவை என் கையில் வைத்து, "நீ கோயிலுக்குப் போகும்போது ஒரு மெழுகுதிரி கொளுத்து" என்றான். நீயும் வா என்றேன். வந்தான். லாச்சப்பலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் சென் தெனி கோயில் இருக்கிறது. பிரான்சுக்காகப் படையோடு போன புனித ஜோன் ஒஃப் ஆர்க் 1429இல் வந்து செபித்த கோயில் அது. எனக்குத் தெரியாத அந்தக் கதையைக் கோயிலுக்குள் அவன்தான் எனக்குச் சொல்லித்தந்தான். மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெளியே வந்து கோப்பி குடித்தோம்.

வகுப்பில் இதைப் பெரிதாக்கிவிடாதீர்கள், அவனுக்கு ஞானஸ்நானம் எடுக்கும் எண்ணம் ஒன்றும் இல்லை. அம்மம்மாவுக்கு இன்னும் சுகமில்லை. பிள்ளைகள் அவருக்காக ஒரு செபமாலை சொல்லட்டும். சொன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அவனிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி