சிறைக்குள் போய்ப் பார்க்க ஊர் மக்களுக்கும் உரிமை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் செய்தி வருகிறது. உள்ளே யாராவது இறந்துபோனால் வரும். சோதனையில் செல்போனும் கஞ்சாவும் பிடிபட்டால் வரும். மற்ற நாட்களில் மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது சிறைத்துறை சொன்னால்தான் நமக்குத் தெரியும். இதை மாற்ற ஒரு வழி நம் விதிகளிலேயே இருக்கிறது: அரசுப் பணியில் இல்லாத பொதுமக்களைச் சிறைப் பார்வையாளர்களாக நியமிப்பது. அது பயன்படாமல் கிடப்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலூர்க்காரன். தொரப்பாடியில் உள்ள எங்கள் மத்திய சிறையைப் பற்றி 2024இல் எழுந்த புகார் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயர் அதிகாரியின் வீட்டில் வேலை செய்ய வைத்தார்கள், அங்கே பணம் திருடினார் என்று சொல்லி அடித்துத் தனிச்சிறையில் அடைத்தார்கள் என்பது புகார். அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். பிறகு அந்த உயர் அதிகாரி உட்பட 14 பேர் மீது சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என் கவலை வேறு. அந்தத் தாய் வக்கீலைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்குமா? மனு போட்டு நேரில் பார்க்க வர ஆளே இல்லாத கைதிகள் எத்தனையோ பேர். அவர்களுக்காக எந்தத் தாய் நீதிமன்றப் படி ஏறுவார்?

இதுவரை சிறைக்கொடுமைகள் வெளியே தெரிந்ததெல்லாம் இப்படித்தான். திகார் சிறையில் சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதை மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியதால்தான் நீதிபதி கிருஷ்ணய்யரின் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் விசாரணையின்றி அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகளை அடித்து நொறுக்கினார்கள். பின்னாளில் முதலமைச்சரான மு.க. ஸ்டாலினும் அவர்களில் ஒருவர். அவர்களோடு இருந்த திமுகவின் சிட்டிபாபு அடுத்த ஆண்டு இறந்தே போனார். அதையெல்லாம் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது நெருக்கடி நிலை முடிந்த பிறகுதான். அரசியல் தலைவர்களுக்கே இந்தக் கதி என்றால், பிக்பாக்கெட் வழக்கில் உள்ளே போனவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிறைகளுக்குப் பார்வையாளர்களை நியமிக்க 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டமே இடம் தருகிறது. தமிழ்நாடு சிறை விதிகளும் (1983) அப்படியே. நீதிபதி, ஆட்சியர் போன்ற அலுவல்சார் பார்வையாளர்களோடு, அரசுப் பணியில் இல்லாத பொதுமக்களையும் அலுவல்சாரா பார்வையாளர்களாக நியமிக்கலாம். திடீர் சோதனைக்குப் போகக்கூடிய அலுவல்சாரா பார்வையாளர்களை நியமிப்பது பற்றி மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று 2015இல், காவலில் நடக்கும் கொடுமைகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 செப்டம்பரில் இன்னொரு வழக்கில், இவர்கள் இடம்பெறும் பார்வையாளர் குழு மிக முக்கியம் என்று மறுபடியும் சொன்னது. சிறைக்குச் சீர்திருத்த இல்லம் என்று பெயர் மாற்றினால் மட்டும் போதாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

ஆனால் நடப்பு என்ன? பார்வையாளர்களை நியமிப்பதே அரசு. எந்தத் துறையைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தத் துறையின் கோப்பு வழியாகத்தான் பெயர்கள் போகின்றன. பதவிகள் காலியாகக் கிடந்தாலும் கேட்பாரில்லை. ஆட்களைப் போட்டாலும் அது ஒரு கௌரவப் பதவி. குடியரசு தினத்தன்று இனிப்பு கொடுக்கப் போவதோடு சரி. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் வெள்ளையடித்த சிறைக் கட்டடமும் அன்றைக்கு மட்டும் கெட்டியாக இருக்கும் சாம்பாரும்தான் கண்ணில் படும். ஜெயிலர் பக்கத்தில் நிற்கும்போது எந்தக் கைதி வாயைத் திறப்பான்? வந்தவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். நாளைக்கும் அதே வார்டர், அதே கொட்டடி. பார்வையாளர் ஏதாவது குறிப்பு எழுதினாலும் அது போய்ச் சேருவது அதே துறையிடம்தான்.

நீதிபதிகளும் மாஜிஸ்திரேட்டுகளும்தான் போகிறார்களே, இலவசச் சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்த தந்தையையும் மகனையும் நினைத்துப் பாருங்கள். மருத்துவர் சான்று கொடுத்தார், நடுவர் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களை உள்ளே எடுத்துக்கொண்டது. எல்லாம் காகிதப்படி நடந்தது. மகன் 22ஆம் தேதி இரவும், தந்தை மறுநாள் விடியற்காலையும் இறந்தார்கள். அத்தனை அதிகாரிகள் பார்த்தும் காயத்தை யாரும் காயமாகப் பார்க்கவில்லை. எந்தத் துறைக்கும் கட்டுப்படாத ஒரு ஆள் அங்கே போய், "என்னப்பா இது, எப்படி ஆச்சு?" என்று கேட்டிருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்க ஆள் இருந்திருக்க வேண்டும். கண்காணிப்பு பற்றிப் பேசும்போது ஒன்பது மத்திய சிறைகளோடு நின்றுவிடாமல் கிளைச் சிறைகளையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

பாதுகாப்புக்கு ஆபத்து என்ற வாதத்தையும் ஏற்க முடியவில்லை. நம் சிறைச் சட்டத்தை எழுதிய பிரிட்டனிலேயே ஒவ்வொரு சிறைக்கும் சம்பளம் வாங்காத உள்ளூர் மக்களைக் கொண்ட குழு இருக்கிறது. 2003 வரை அதற்கும் பார்வையாளர் குழு என்றுதான் பெயர். இப்போது சுதந்திரக் கண்காணிப்புக் குழு. அவர்கள் எந்த நேரத்திலும் போகலாம், காவலர் காதில் விழாமல் கைதியோடு பேசலாம், ஆண்டறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடலாம். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அங்கேயும் சிறைகளில் நெரிசலும் வன்முறையும் இருக்கின்றன. ஆனால் உள்ளே நடப்பதை எழுதி ஊருக்குச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது.

காவலர்களுக்கும் இது நல்லது. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் ஒரு கைதி இறந்ததும் கலவரம் மூண்டது. துணை ஜெயிலர் ஒருவர் கொல்லப்பட்டார், துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். கைதிகள் நம்பக்கூடிய வெளியாள் ஒருவர் அங்கே வழக்கமாக வந்துபோய்க் கொண்டிருந்தால், மனக்குறை அந்த அளவுக்கு முற்றுவதற்கு முன்பே யாராவது கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று. சிறைகளில் சாதி பார்ப்பதற்கு எதிராக 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் நம் பாளையங்கோட்டை சிறையும் பேசப்படுகிறது. மோதலைத் தவிர்க்கத்தான் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதியில் வைக்கிறோம் என்று முன்பு சொல்லப்பட்ட சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த வழக்கையும் கொண்டுபோனது ஒரு பத்திரிகையாளர்தான், சிறைத்துறை அல்ல. சாதிப் பாகுபாடு தொடர்கிறதா என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் பார்வையாளர் குழுவும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உத்தரவு. குழுவே சரியாக இல்லாத சிறையில் அந்த உத்தரவை யார் நிறைவேற்றுவது?

அதனால் அரசிடம் நான் கேட்பது இதுதான். பார்வையாளர்களை உள்துறை தேர்ந்தெடுக்கக் கூடாது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு வெளிப்படையாக விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கட்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் வேண்டாம். பெண்களும் தலித்துகளும் ஒரு மருத்துவராவது கட்டாயம் இருக்க வேண்டும். பெண்கள் சிறையில் தாயோடு ஆறு வயது வரை குழந்தைகள் வளர்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பால் கிடைக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். சொல்லாமல் போகும் உரிமை, இரவில் போகும் உரிமை, கைதியோடு தனியாகப் பேசும் உரிமை மூன்றையும் விதியில் எழுத வேண்டும். பேசிய கைதியைப் பழிவாங்கினால் அந்த அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும், துறை ஒரு மாதத்துக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டால் பழைய கதைதான்.

குற்றவாளிகளுக்கு இவ்வளவு பரிவா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2022ஆம் ஆண்டு அரசுப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்டத்திலும் உங்கள் நிருபர் போய்க் கேட்கட்டும்: இங்கே உள்ள சிறைக்கு அலுவல்சாரா பார்வையாளர்கள் யார், கடைசியாக எந்தத் தேதியில் உள்ளே போனார்கள், என்ன எழுதினார்கள்? கிடைக்கும் பதிலை மாவட்டவாரியாக அச்சிடுங்கள். பதில் வராத மாவட்டங்களின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வேலூர்.