பெட்டிக்ரூ கடிதங்களும் தபால் விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென் கரோலினா வழக்கறிஞர் ஜேம்ஸ் லூயிஸ் பெட்டிக்ரூவின் (1789–1863) குடும்பக் கடிதங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். அடிமை முறையை வைத்திருந்த தென் மாநிலங்கள் 1860–61இல் அமெரிக்க ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்ததை (அதுதான் உள்நாட்டுப் போரில் முடிந்தது) கடைசிவரை எதிர்த்துக்கொண்டே சார்ல்ஸ்டனில் வாழ்ந்தவரைத் தமிழில் அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால், 1861இல் மகள் கரோலின் நியூயார்க் போனபின் தந்தை எழுதியது குறைந்துவிட்டது, அதற்கு மனக்கசப்புதான் காரணம் என்று கட்டுரை முடிவுகட்டுவதை ஏற்க முடியவில்லை. அரசியலில் அப்பாவும் மகளும் ஒரே பக்கம், ஒன்றியத்தின் பக்கம். குறைந்தது பாசமா, தபாலா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

1861 ஜூன் 1 முதல் தெற்கின் தபால், பிரிந்த மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பு அரசின் கைக்குப் போனது. கொஞ்ச நாள் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் எல்லை தாண்டிக் கடிதம் சுமந்தன. ஆகஸ்ட் கடைசியில் வடக்கு அதையும் நிறுத்தியது. பிறகு சட்டப்படி மிஞ்சியது சமாதானக் கொடிப் படகில் (இரு தரப்பும் சுடாமல் விடும் வெள்ளைக்கொடிப் படகு) போகும் தபால், வர்ஜீனியாவின் மன்றோ கோட்டை வழியாக. அதற்கு நிபந்தனைகள் கடுமை: ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது, வீட்டு விஷயம் மட்டும், உறைக்குள் உறை போட்டு, உள்ளுறையை ஒட்டாமல் விட வேண்டும். அதிகாரி பிரித்துப் படித்தபிறகே கடிதம் நகரும். வெளியுறையை அங்கேயே எடுத்துவிடுவார்கள். இரு அரசுகளின் தபால்தலையும் ஒரே உறையில் ஒட்டியிருந்தால் இந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மனம்விட்டு எழுத நினைத்தவர்கள் நம்பகமான பயணி கையில் கொடுத்தனுப்பினார்கள். அப்படி வந்த கடிதத்தில் தபால் முத்திரையே இராது.

இன்னொன்று. 1861 டிசம்பரில் சார்ல்ஸ்டனைத் தின்ற பெருந்தீயில் பிராட் தெருவில் இருந்த அவர் வீடும் போனது. அந்த வீட்டுக்கு வந்த கடிதம் இன்று இல்லை என்றால், வரவே இல்லை என்று பொருளாகாது.

முந்தைய காலக் கடிதங்களுக்கு வேறு கணக்கு. 1845 வரை கட்டணம் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது: 1825 முதல், 150 மைலுக்கு மேல் 400 மைல் வரை தாள் ஒன்றுக்கு 18¾ சென்ட். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் பெரிய தாளை இரண்டாக மடித்து மூன்று பக்கம் எழுதி, நான்காவதில் முகவரி போட்டு, அரக்கு வைத்தார்கள். பிரிக்கும்போது அரக்கோடு தாளும் பிய்ந்துவரும். மூன்றாம் பக்க ஓரத்தில் நாலைந்து சொற்கள் காணாமல் போயிருக்கும். அச்சுப் பதிப்பில் அங்கே புள்ளிகளைப் பார்த்துவிட்டு ரகசியம் தேட வேண்டாம்.

தேதியிலும் கட்டுரை சறுக்கியிருக்கிறது. அக்கால ஆங்கிலக் கடிதச் சுருக்கத்தில் ‘28 அல்ட்.’ (ult.) என்றால் போன மாதம் 28, ‘இன்ஸ்ட்.’ (inst.) என்றால்தான் நடப்பு மாதம். இதை மாற்றிப் படித்தால் பதில் முன்னால் வந்து கேள்வி பின்னால் நிற்கும்!

மேலும் தேடுகிறவர்கள் ‘பெட்டிக்ரூ’ என்ற பெயரின் இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் (Petigru, Pettigrew) போட்டுப் பார்க்கட்டும். ஜேம்ஸ் லூயிஸ் தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டார். அவரோடு வழக்கறிஞர் தொழில் பார்த்த வட கரோலினா உறவினர் ஜான்ஸ்டன், பின்னாளில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் தெற்கின் படை நடத்தியவர், பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார். 1920இல் கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டவர் கரோலினின் மகன் என்பதும் நினைவில் இருக்கட்டும். பேரன் கை பட்ட பதிப்பை மூலத்தோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டுவது ஆபத்து.

கடைசியாக, படக்குறிப்பில் ஒரு திருத்தம். போர் முழுவதும் தெற்கில் கட்டணம் 5 சென்ட் அல்ல. அது 500 மைலுக்குள் மட்டும், 1862 ஜூன் முடியும்வரை. ஜூலை 1 முதல் எத்தனை தூரமானாலும், அரை அவுன்ஸுக்கு 10 சென்ட்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்