பேரனின் கண்கள் மூடாதது பற்றி

ஹட்டன்

அன்புள்ள சிவலிங்கம்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தோட்டத்து லய வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்த பேரனுக்கு முன்கை எலும்பைப் பொருத்திப் பிளாஸ்டர் போட்டாயிற்று என்று அறிந்து நிம்மதியடைந்தேன். ஆனால், ஊசி போட்ட பின்னும் பிள்ளையின் கண்கள் திறந்தே இருந்தன, மயங்காதவனின் கையை இழுத்துவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்தது இரவெல்லாம் என் மனதை விட்டு அகலவில்லை.

28 ஆண்டுகள் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் தாதியாக நின்றவன் சொல்கிறேன், அவனுக்கு வலித்திருக்காது. வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்டில் கெட்டமைன் என்று இருந்ததாக எழுதியிருக்கிறாய். 1962இல் உருவாக்கப்பட்ட அம்மருந்து ஆளைத் தூங்க வைப்பதில்லை. உடம்பின் வலி மனதை எட்டாதபடி இரண்டையும் பிரித்து வைக்கிறது. அதனால்தான் கண்கள் திறந்திருக்கும், விழிகள் மெல்ல ஆடும், கைகால்கூட அசையும். வழக்கமான அளவில் மூச்சு அநேகமாகத் தடைப்படாது, இரத்த அழுத்தமும் பெரும்பாலும் விழாது; இரத்தம் இழந்து வருபவர்களுக்கு நாங்கள் அதைத் தேடி எடுத்தது அதற்காகவே.

அடுத்த மாதம் உன் குடல் பரிசோதனைக்கு புரொப்போஃபோல் கொடுத்தால் நிலைமை நேர்மாறு. சோயா எண்ணெயும் முட்டைக்கருவின் கொழுப்பும் கலந்து பால்போல் வெளுத்திருக்கும் அம்மருந்து நரம்பில் ஏறும்போது கை எரியும், ஒரு நிமிடத்துக்குள் உறங்கிவிடுவாய். ஆனால் அது வலியைப் போக்காது என்பதால் ஃபென்டனில் போன்ற வலிநிவாரணி ஒன்றைச் சேர்ப்பார்கள். இரண்டுமே மூச்சைத் தாழ்த்துவதால், மயக்கமருந்து வைத்தியர் தலைமாட்டை விட்டு நகரமாட்டார்.

ஒன்றை மட்டும் மறைக்காதே. விடியற்காலையில் பால் தேநீர் குடித்ததை, சத்திரசிகிச்சை தள்ளிப்போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடுமே என்று மறைத்த தொழிலாளி ஒருவருக்கு, மயங்கியவுடன் வயிற்றிலிருந்தது தொண்டைக்கு ஏறியது. தலையைச் சரித்து உறிஞ்சி எடுத்தோம். ஆயினும் நெஞ்சில் சளி கட்டிப் பல நாட்கள் வார்டில் கிடந்தார். பாலுக்கும் உணவுக்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும், வெறும் சாயத்தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும் என்பதே பொதுவான விதி. உன் வைத்தியர் வேறுவிதமாகச் சொன்னால் அதன்படியே நட.

கெட்டமைன் தெளியும்போது சிலருக்குப் பயங்கரக் கனவுகள் வருவதுண்டு. அன்றிரவு பேரன் அலறி எழுந்தானா என்று நீ குறிப்பிடவில்லை. அதைத் தவறாமல் எழுது.

அன்புடன்,
உன் ராஜரத்தினம்