அந்த ஓரத்தை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஓவியர் டைட்டஸ் கஃபார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதோடு போட்டிருந்த அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் பழைய குழு ஓவியத்தைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ, படத்தின் ஒரு ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள். அந்தக் கறுப்பினச் சிறுவன் நிற்பது அங்கேதான். கஃபார் மறுபடி வரைந்தது அவனைத்தான்; கட்டுரையே அவனைப் பற்றியது.

முப்பது வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். யேலும் சுற்றத்தாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மது அருந்துகிறார்கள். ஏவலுக்கு நிற்கும் பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். கழுத்தில் ஒரு வளையம். ஏதோ நகை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அதில் பூட்டு தொங்குகிறது. அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

இதே காட்சியை வைத்துக் கஃபார் 2016இல் வரைந்த ஓவியத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் கசங்கிய துணியாகிவிட்டார்கள். பையனின் முகத்துக்கு மட்டும் தங்கச் சட்டம். கழுத்து வளையத்தை அவர் வரையவே இல்லை. 2020 அக்டோபரில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையம் பழைய படத்தை இறக்கிவிட்டு, கொஞ்ச காலம் இதை அங்கே மாட்டி வைத்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் பழைய படம் சுமார் 1719ஐச் சேர்ந்தது என்று கணித்தார்கள். பையனின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் படத்தின் தலைப்பில் முன்பு 'அடிமைப் பணியாள்' என்றிருந்ததை 'அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை' என்று மாற்றினார்கள். குழந்தை என்று சொல்லவே முந்நூறு வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொரு குறை. யேல் என்றதும் கட்டுரையாளர் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திவிட்டார். யேல் 1687 முதல் 1692 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680இல் நடந்த முதல் திருமணமே அவருடையதுதான். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று அவர் காலத்துக் கோட்டை நிர்வாகம் உத்தரவு போட்டது. அப்புறம், 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை 562 பவுண்டுக்கு விற்றுத்தான், பின்னாளில் பல்கலைக்கழகமான அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. படத்திலுள்ள சிறுவன் ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தை. அவன் சென்னையிலிருந்து போனவன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யேல் சேர்த்த செல்வம் இங்கிருந்து போனது. நம் வாசகர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்த இதழில் அந்தப் பழைய ஓவியத்தை வெட்டாமல், முழுசாக, முடிந்தால் வண்ணத்தில் மறுபடி அச்சிடுங்கள். படக்குறிப்பில் முதலில் அந்தக் குழந்தையைச் சொல்லுங்கள். யேலின் பெயர் பின்னால் வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
பெரம்பூர், சென்னை