சித்திர ஆசிரியர்களுக்கு: அந்த மண்டையோட்டை அழிக்கச் சொல்லாதீர்கள்

யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் பெறாமகள் தரம் 9 படிக்கிறாள். வீட்டுப் பொருள்களைப் பார்த்துக் கீறி வரச் சொன்னபோது, அப்பப்பாவின் நின்றுபோன கைக்கடிகாரம், எரிந்து குறுகிய மெழுகுதிரி, வாடிய செவ்வரத்தை, நடுவிலே ஒரு மண்டையோடு என்று கீறிக்கொண்டு போனாள். "செத்தவீட்டுச் சாமானெல்லாம் கீறாதை பிள்ளை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழிறப்பரோடு வந்து என் முன்னால் இருந்தாள்.

1658இல் ஒல்லாந்தர் நம் கோட்டையைப் பிடித்தார்கள். அதே நூற்றாண்டில் அவர்கள் நாட்டு லெய்டன் நகரத்து ஓவியர்கள், வாழ்வு நிலையாதது என்று நினைவூட்ட, மேசையில் வைத்துத் தீட்டியவையும் இவைதான்: மண்டையோடு, மணற்கடிகாரம், அணைந்து புகையும் திரி. அதற்கு முன்பே, 1533இல், ஹான்ஸ் ஹோல்பைன் இரண்டு தூதுவர்களைத் தீட்டினார். அந்த ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பட்டும் மென்மயிரும் உடுத்த இருவர். இடையில் கோளங்கள், தந்தி ஒன்று அறுந்த யாழ் போன்ற வாத்தியம். காலடியில் மட்டும் இழுபட்ட கறைபோல ஏதோ கிடக்கும். நேரே நின்றால் விளங்காது. வலப்பக்கம் ஒதுங்கிச் சரிவாகப் பார்த்தால் அது மண்டையோடாகத் திரளும். அந்த நேரம் தூதுவர்கள் இருவரும் உருக்குலைந்து போவார்கள். இதை ஒருமுறை வகுப்பில் காட்டுங்கள். பிள்ளைகள் எழும்பி வந்து கழுத்தைச் சரித்துப் பார்ப்பார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. நடராசரின் சடையில் மண்டையோடு இருக்கிறது. எலும்பும் தோலுமான காரைக்கால் அம்மையாரைக் கும்பிட்டுத்தான் வளர்ந்தோம். தென்னங்குருத்துத் தோரணத்தைப் பாருங்கள்: ஓலையில் மடிக்கும் குருவித்தலை மேலே பார்த்தால் கலியாணவீடு, கீழே பார்த்தால் செத்தவீடு. ஒரே ஓலை, ஒரே கை, மடிப்பு மட்டுந்தான் வேறு.

உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது. போர் தின்ற ஊர் இது. எந்தப் பிள்ளையின் வீட்டில் எந்தப் படத்துக்கு மாலை தொங்குகிறதோ தெரியாது. யாரையும் கட்டாயப்படுத்திக் கீறவைக்க வேண்டாம். தானாகக் கீறிக்கொண்டு வரும் பிள்ளையிடம் "ஏன் இதைக் கீறினாய்?" என்று கேளுங்கள். என் பெறாமகளிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அப்பப்பா செத்த அண்டைக்கும் மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, பிறகுதான் நிண்டது" என்றாள்.

அடுத்த கண்காட்சியில் அந்தப் படத்துக்குச் சுவரில் ஓர் இடம் தாருங்கள். அவள் இன்னும் அழிக்கவில்லை.

அன்புடன்,
ஒரு பெரியப்பா